கருவியும் கண்ணும்

தமிழ்த்துறை மலரில் கொதிகலனுக்கு என்ன வேலை என்று மாணவச் செல்வங்கள் வியக்கக்கூடும். கருவிப் பராமரிப்பைப் பிழைப்பாகக் கொண்டவனிடம் கட்டுரை கேட்டால் கொதிகலன்தான் வரும்!

ஃபர்னஸ் ஆயில் எரியும் கொதிகலனில் காற்று மிகுந்தால் வெப்பம் புகைபோக்கி வழியே வீணாகும். குறைந்தால் எண்ணெய் முழுதும் எரியாது, நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு பிறக்கும். எனவே, வெளியேறும் புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜனை அளக்கப் புகைவழியில் சிர்கோனியா சென்சார் ஒன்றைப் பொருத்துவர். ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அப்பீங்கான் ஆக்சிஜன் அயனிகளைக் கடத்தும். ஒருபுறம் தூய காற்று, மறுபுறம் புகை; இரண்டிலும் உள்ள ஆக்சிஜனின் வேறுபாட்டிற்கேற்ப மின்னழுத்தம் தோன்றும். இருபுறமும் காற்றெனில் சுழி. புகையில் 2 விழுக்காடெனில் சுமார் 49 மில்லிவோல்ட். 1889இல் நெர்ன்ஸ்ட் வெளியிட்ட சமன்பாடே இக்கணக்கிற்கு அடிப்படை.

நான் பணியாற்றிய ஆலையில், 3 விழுக்காட்டளவில் நிற்க வேண்டிய கருவி ஒருநாள் 8 என்று காட்டிற்று. ஹீட்டர், தெர்மோகப்பிள், மின்னிணைப்பு அனைத்தையும் சோதித்தேன். 2 விழுக்காடு ஆக்சிஜன் கொண்ட சோதனை வாயுவைச் செலுத்தினேன். கருவி 2 என்றே காட்டிற்று. எனக்குப் பெருமிதம். "கருவி பழுதற்றது, ஃபயர்மேன் காற்றை மிகுதியாக விடுகிறார்" என்று எழுதிக் கொடுத்தேன்.

அவர் என் தந்தையினும் மூத்தவர். பார்வைத் துளை வழியே தீயைப் பார்த்துவிட்டு, "தம்பி, தீயோட நிறம் நல்லாத்தான் இருக்கு. காத்தைக் குறைச்சா புகையும்" என்றார். குறைக்க மறுத்தார். மறுநாள் அவருக்கு மெமோ வந்தது.

அன்றிரவு ஷிப்டில் வேறொருவர் கருவியை நம்பிக் காற்றைக் குறைத்தார். அரைமணி நேரத்தில் புகைபோக்கி கறுத்தது. எரியாத வாயு உலையில் தேங்கித் திடீரெனக் காற்றோடு கலந்தால் வெடிக்கவும் கூடும். நல்லவேளையாக எண்ணெயைக் குறைத்து நிலைமையைச் சரிசெய்தனர்.

காலையில், கையடக்கக் கருவியைப் பக்கத்துத் துளையில் செலுத்தினேன். காற்றைப் பழைய அளவிற்குக் கொண்டுவந்திருந்த அவ்வேளையில் அது 3 என்றது. எங்கள் கருவியோ மீண்டும் 8! ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திச் சென்சாரின் ஃபிளாஞ்ச் அருகே பிடித்தேன். புகை உள்ளே இழுபட்டது. கேஸ்கட் கிழிந்திருந்தது. இழுவிசிறியால் புகைவழியில் அழுத்தம் வெளியினும் குறைவு. ஆதலால் வெளிக்காற்று நுழைந்து சென்சாரின் முனையருகே கலந்துகொண்டிருந்தது. சோதனை வாயுவோ தனிக்குழாயில் அழுத்தத்தோடு நேரே சென்சாரை அடைந்து, கசிந்த காற்றை ஒதுக்கித் தள்ளிவிடும். நான் வைத்த தேர்வில் கருவி தேறியது மெய்தான். கேட்க வேண்டிய வினாவை நான்தான் கேட்கவில்லை.

புதிய கேஸ்கட் மாட்டியதும் அளவு 3க்கு இறங்கிற்று. தவறு என்னுடையது என்றும், மெமோவைத் திரும்பப் பெற வேண்டும் என்றும் எழுதி, மேலாளரிடம் கொடுக்குமுன் அம்முதியவரிடம் காட்டினேன். மெல்லப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். "கீழே தேதி போடலையே தம்பி" என்றார்.