பத்துக் கதவு லயமும் ஒற்றை வாசல் கோட்டையும்

சபாக்கில் நான் பிறந்து வளர்ந்த லயத்தில் பத்து வீடுகள். ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் பத்து வீட்டுக்கும் வாசம் போகும். ஒரு வீட்டில் சாவு என்றால் பத்து வீட்டிலும் அடுப்பு எரியாது.

கடந்த பள்ளி விடுமுறையில் மகளுடன் பினாங்கு போனபோது அந்த லயம்தான் நினைவுக்கு வந்தது. ஜார்ஜ்டவுனில் குறுகலான ஒரு சந்துக்குள் நுழைந்தால் கருங்கல் பாவிய முற்றம். ஒரு பக்கம் கூ கொங்சி கோயில், எதிரே நாடக மேடை, சுற்றிலும் வரிசை வீடுகள். சீனாவின் புக்கியன் மாநிலத்திலிருந்து வந்த கூ குலத்தார் கட்டியது. 1867இல் ரகசியச் சங்கங்களின் கலவரத்தைப் பார்த்த ஊர் இது. சந்தை அடைத்துவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு அதுவே கோட்டை. 1901இல் எரிந்துபோன கோயிலை 1906இல் மீண்டும் எழுப்பினார்கள்.

புக்கியன் மலைகளில் இதைவிடப் பெரிய கோட்டை வீடுகள் உண்டு. துலோவ் என்பார்கள். தடித்த மண்சுவர், பெரும்பாலும் ஒரே வாசல், உள்ளே ஒரு குலமே குடியிருக்கும். கீழே சமையல், அதன்மேல் தானியம், அதற்கும் மேலே படுக்கை. பணக்காரன், ஏழை என்ற பேதமின்றி எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே மாதிரி அறைகள். நடுவில் முன்னோர் கூடம். பெற்றோரையும் முன்னோரையும் போற்று என்ற கன்பூசியஸ் நெறிதான் அந்த வீட்டின் வரைபடம். திருடனைச் சுவர் தடுத்தது. உள்சண்டையை அந்த நெறி தடுத்தது. துலோவும் ஜார்ஜ்டவுனும் 2008இல்தான் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

கொங்சிக்குள் முன்னோர் பெயர்ப் பலகைகள். பட்டம் பெற்ற பிள்ளைகளின் பெயர்களும் சுவரில் இருந்தன. மகள் கேட்டாள்: “அப்பா, நம்ம தாத்தாவோட அப்பா பேரு என்ன?”

எனக்குத் தெரியவில்லை.

எங்கள் லயத்தை எந்தக் குலமும் கட்டவில்லை. விடியலில் பெரட்டுக்கு ஆள் வேண்டுமென்று தோட்ட நிர்வாகம் கட்டியது. வேலை போனால் வீடும் போகும். ஆனாலும் வெவ்வேறு ஊர்க்காரர்கள் அங்கே மாமா, அத்தை ஆனார்கள். மாரியம்மன் கோயில்தான் எங்கள் நடுக்கூடம். இன்று அந்தப் பத்துக் குடும்பங்களும் கிள்ளான், ஷா ஆலம் என்று சிதறிக் கிடக்கின்றன.

வீடு திரும்பியதும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். ஒவ்வொரு குடும்பத்துப் பெரியவருக்கும் போன் போட்டுப் பெயர்களைக் கேட்டு எழுதுகிறேன். ஆறு குடும்பம் முடிந்துவிட்டது. முதல் பக்கத்தில் தாத்தாவின் பெயர். அதற்கு மேலே ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.