எங்கள் ஊர்க் காற்றும் ஒரு ரப்பர் வளையமும்

மழைக்காலத்தில் வானிலைச் செய்தி கேட்கிற சகோதரிகளுக்கு எங்கள் ஊர்ப் பெயர் பழக்கமாகத்தான் இருக்கும். "அதிராம்பட்டினத்தில் இத்தனை சென்டிமீட்டர்" என்று அடிக்கடி காதில் விழும். இங்கே வானிலை ஆய்வு நிலையம் ஒன்று இருப்பதால் வந்த புகழ் அது. ஆனால், 'ஒரு நடை போய்த்தான் பார்ப்போமே' என்று கிளம்பி வந்தவர்கள் குறைவு. வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போகிறவர்கள்கூட எங்களைத் தாண்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்!

வருவது சுலபம். தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை. அங்கிருந்து தெற்கே அரை மணி நேர பஸ் பயணம். கிழக்குக் கடற்கரைச் சாலையும் ஊர் வழியாகத்தான் போகிறது. திருவாரூர்–காரைக்குடி ரயில் பாதையில் ஸ்டேஷனும் உண்டு. தஞ்சாவூரை விட்டதும் இரண்டு பக்கமும் நெல் வயல். பட்டுக்கோட்டை நெருங்கும்போது புது ஆறு என்று நாங்கள் சொல்கிற கல்லணைக் கால்வாய்த் தண்ணீரில் வளர்ந்த தென்னந்தோப்புகள். அதையும் தாண்டினால் வெள்ளை வெளேரென்று உப்பளம். காவிரித் தண்ணீர் முடிந்து கடல் தண்ணீர் ஆரம்பிக்கிற இடம் எங்கள் ஊர்.

மெரினா மாதிரி மணலை நினைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்து போவீர்கள். பாக் நீரிணையில் இந்தப் பகுதி ஆழம் குறைந்தது. அலை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கரையெல்லாம் சேறு, அலையாத்திச் செடி, கொக்கு, நாரை. பக்கத்திலேயே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. மேற்கே மல்லிப்பட்டினம் பக்கம் சரபோஜி மகாராஜா கட்டிய மனோரா. கடலுக்குள்ளே புல் மேய்கிற கடற்பசுக்களுக்காக 2022-ல் அரசாங்கம் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைப் பாதுகாப்பகமாக அறிவித்ததே, அதுவும் எங்கள் தஞ்சை, புதுக்கோட்டைக் கடல்தான்.

அலைதான் கிடையாதே தவிர, காற்று இருக்கிறதே, அடேயப்பா! தெற்கே கடல் என்பதால் சாயங்காலமானால் கொடியில் காயும் புடவையைக் கிளிப் போட்டுத்தான் காப்பாற்ற வேண்டும். மீனவர்கள் இந்தத் தெற்குக் காற்றைச் சோழகம் என்பார்கள். வடக்கிலிருந்து வந்தால் வாடை. இந்தக் காற்றோடு மல்லுக்கட்டுகிற ஒரு விளையாட்டைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

மதிலுக்கு உள்ளே ஒரு மைதானம்

வெயில் தாழ்ந்து அஸர் தொழுகை முடிந்த நேரத்தில் எங்கள் தெருப் பக்கம் வந்தால், மதிலுக்கு உள்ளிருந்து "விடாதே, பிடி!", "பதினெட்டு, பதினாறு!" என்று பெண்கள் குரல் கேட்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாரும் நாற்பதை எட்டிய, தாண்டிய இல்லத்தரசிகள். ஆடுவது டென்னிகாய்ட்.

வளையப்பந்து என்றும், வெறுமனே 'ரிங்' என்றும் நாம் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் ஆடியதுதான். 40 அடி நீளம், 18 அடி அகலம், நடுவே ஆள் உயரத்துக்கு வலை. சுமார் 200 கிராம் எடையுள்ள ரப்பர் வளையம். ஒரே கையால் பிடிக்க வேண்டும், பிடித்த கையாலேயே உடனே எறிய வேண்டும். உடம்பில் பட்டால் தப்பு. இரண்டு கையால் பிடித்தால் தப்பு. எறிந்த வளையம் தள்ளாடிக்கொண்டு போனாலும் தப்பு. 21 பாயிண்ட் எடுத்தால் ஆட்டம். அவ்வளவுதான்.

இந்த விளையாட்டு பிறந்தது கப்பலில்! பந்தாடினால் பந்து கடலில் விழுந்துவிடும் என்பதால், பிரயாணிகள் கயிற்று வளையத்தைக் கப்பல் தளத்தில் எறிந்து பிடித்து ஆடியிருக்கிறார்கள். 1920-களில் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரத்து ஹெர்மன் ஷ்னைடர் என்பவர் அதைத் தரையில் ஆடும்படி அமைத்தார். பிறகு அது நம் பள்ளிக்கூடங்களில் புகுந்து பெண் பிள்ளைகளின் விளையாட்டாகவே ஆகிவிட்டது. இதன் முதல் உலகப் போட்டி 2006-ல் எங்கே நடந்தது தெரியுமா? நம் சென்னையில்!

எங்கள் ஊருக்கும் கப்பலுக்கும் பழைய உறவு. இலங்கை, பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்று பிழைக்கப் போன ஆண்கள் இங்கே வீட்டுக்கு ஒருவர். நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிய கதை சொல்லும் பெரியவர்களை நான் கேட்டிருக்கிறேன். இன்று கப்பல் போய் விமானம் வந்துவிட்டது. ஊரும் மாறி அரபு நாடு ஆகிவிட்டது. வீட்டில் இருப்பது பெண்கள்தான்.

கூட்டாளிகள் கலையாத ஊர்

நான் மன்னார்குடிப் பக்கத்துப் பெண். பள்ளி டீமில் இரட்டையர் ஆட்டம் ஆடியவள். கல்யாணமானதும் என் ஜோடிப் பெண் ஒரு ஊருக்குப் போனாள், நான் ஒரு ஊருக்கு வந்தேன். அதோடு ஆட்டம் முடிந்தது. நம்மில் பலருக்கு இப்படித்தானே? 'பிள்ளை பெற்ற உடம்பு, இனி எங்கே ஓடியாடுவது' என்று உடம்பின் மேல் பழி போடுகிறோம். உடம்புக்கு முன்னால் நின்று போவது கூட்டாளிகள்தான்.

இந்த ஊரில் பல முஸ்லிம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணுக்கு வீடு கொடுத்துத் தாய் வீட்டுப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார்கள். மாப்பிள்ளைதான் வருவார். அதனால் ஒன்றாம் வகுப்பில் கூடப் படித்தவர்கள் பேரன் பேத்தி எடுத்த பிறகும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். என் எதிர் வீட்டுக்காரரும் அவருடைய சிநேகிதியும் ஒன்பதாம் வகுப்பில் ஜோடியாக ஆடியவர்கள். இருபத்தைந்து வருஷம் கழித்தும் அதே ஜோடி! எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆட இடம் கொடுத்தது யார் தெரியுமா? கஜா புயல்! 2018 நவம்பர் 16-ம் தேதி விடியற்காலையில் அடித்த அந்தப் புயலை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் லட்சக்கணக்கில் தென்னை சாய்ந்தது. எதிர் வீட்டுக் கொல்லையில் மட்டும் ஒன்பது மரம். பிள்ளை மாதிரி வளர்த்த மரங்கள் என்று அந்த வீட்டு அம்மா அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. வேரைத் தோண்டி எடுத்து, பள்ளத்தை நிரப்பி, வருஷக் கணக்கில் அந்த இடம் வெறுமனே கிடந்தது. ஒரு நாள் எதிர் வீட்டுக்காரர், "அக்கா, இந்த வெட்டவெளியைப் பாத்தா அழுகையா வருது. ஒரு கயித்தைக் கட்டி ரிங் ஆடுவமா?" என்று கேட்டார். துணிக் கொடிக் கயிறு, பழைய மீன் வலை ஒரு துண்டு, கோலப்பொடியில் கோடு. நாலு பேர் சேர்ந்தோம்.

என் மாமியாருக்கு முதலில் பிடிக்கவில்லை. "இந்த வயசுல குதிச்சு ஆடப் போறியா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றார். "அந்த நாலு பேருந்தான் அத்தை என்கூட ஆடறாங்க" என்றேன். சிரித்துவிட்டார்.

ஏற்றமும் இறக்கமும்

ஆடுகளம் தெற்கு வடக்காக இருக்கிறது. சாயங்கால வெயில் கண்ணைக் கூசாமல் இருக்க அப்படித்தான் போட வேண்டும். ஆனால் சோழகம் நேராக வந்து மோதும்! காற்றுக்கு எதிரே எறிந்தால் வளையம் மேலே கிளம்பி, 'தொப்'பென்று நம் பக்கமே விழும். காற்றோடு எறிந்தால் கோட்டைத் தாண்டி முருங்கை மரத்தில் போய் மாட்டிக்கொள்ளும். மணிக்கட்டைச் சுண்டி, வளையம் தட்டையாகச் சுற்றிக்கொண்டே போகும்படி விட்டால்தான் காற்றை அறுத்துக்கொண்டு போகும். இந்த ஒரு வித்தை கைக்கு வர எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன் லீவு நாளில் டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறான். மரங்களுக்கு நடுவே நடந்து நடந்து, ஒரு பிளாஸ்டிக் தட்டை எறிந்து, சங்கிலி தொங்கும் கூடையில் விழ வைக்க வேண்டுமாம். அந்தக் கூடையை வடிவமைத்த எட் ஹெட்ரிக் என்பவர் 1976-லேயே அதற்கு ஒரு சங்கமும் ஆரம்பித்திருக்கிறார். போனில் பேசும்போது அவன் புலம்புவதும் காற்றைப் பற்றித்தான்! "ஒரு நாள் நல்லா வருது சித்தி, மறுநாள் சுத்தமா வரல" என்பான். காசுக்காக இல்லாமல் ஆசைக்காக ஆடுகிற எல்லாருக்கும் கதை ஒன்றுதான் போலிருக்கிறது.

இறக்கங்களையும் சொல்ல வேண்டும். எட்டாவது படிக்கிற பெண்ணிடம் 21–6 என்று தோற்றுவிட்டு, அவளுக்கே இரவு தோசை சுட்டுப் போட வேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை முழுக்கக் கொல்லை சேறு. ரமலான் மாதத்தில் ஆட்டம் இல்லை. திரும்ப ஆரம்பிக்கும்போது முதல் நாலு நாள் தொடையும் தோளும் கெஞ்சும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய இறக்கத்தை யாரும் வெளியில் சொல்வதில்லை. நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒரு சிநேகிதி திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். "முட்டி வலி" என்றார். ரொம்ப நாள் கழித்துத்தான் உண்மை வந்தது. மூன்று பிள்ளை பெற்றவர். குதித்தால், தும்மினால், சிறுநீர் கசிகிறது. வெட்கத்தில் வீட்டோடு முடங்கிவிட்டார். என்னோடு வாருங்கள் என்று ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். "பிள்ளை பெத்த எத்தனையோ பேருக்கு இருக்கிறதுதாம்மா. இதுக்கா வெட்கம்?" என்று சொல்லி, ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தார்.

சிறுநீரை அடக்குவது போல அடியிலுள்ள தசைகளை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து, தளர்த்த வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. இப்படிப் பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. உட்கார்ந்து காய்கறி நறுக்கும்போதுகூடச் செய்யலாம். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. மூன்று மாதம் விடாமல் செய்தார். கசிவு நன்றாகக் குறைந்தது. இன்று முன் வரிசையில் எகிறிப் பிடிப்பவர் அவர்தான். இளம் தாய்மார்கள் யாருக்காவது இந்தத் தொல்லை இருந்தால் மூடி வைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நாங்கள் கடைப்பிடிப்பவை

மோதிரம், கண்ணாடி வளையல் கழற்றிவிட வேண்டும். மோதிரத்தில் வளையம் அடித்தால் விரல் வீங்கி, மோதிரத்தை வெட்டி எடுக்கும்படி ஆகிவிடும். தாலிச் செயினை உள்ளே செருகிப் பின் குத்திக்கொள்ளலாம். சுடிதார் வசதி. புடவைதான் என்றால் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொள்ள வேண்டும்.

ஆரம்பிக்கும் முன் ஐந்து நிமிஷம் நடந்து, மணிக்கட்டையும் தோளையும் சுழற்றி விடுங்கள். முன்னும் பின்னும் தண்ணீரோ நீர்மோரோ குடியுங்கள். வளையத்தை விரல் நுனியால் பிடிக்காமல், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ளங்கையில் வாங்குங்கள். விரல் பிசகினால் ஐஸ் வைத்து ஓய்வு கொடுங்கள். உருவி விட வேண்டாம். பிரசவம் ஆனவர்கள், ரத்த அழுத்தம், நெஞ்சு உபாதை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி ஆடினால் கணக்கு சரியாகிவிடும்.

நாலாவது ஆள்

போன வருஷம் எங்கள் நால்வரில் ஒருவர் கணவரோடு துபாய்க்குப் போய்விட்டார். மூன்று பேரை வைத்து இரட்டையர் ஆட முடியுமா? வளையம் ஆணியில் தொங்கிவிட்டது. பதினைந்து வயசில் கூட்டாளியை இழந்தபோது இருந்த வருத்தத்தைவிட இது எனக்கு அதிகமாக இருந்தது. அப்போது இன்னொரு ஊர், இன்னொரு வாழ்க்கை என்று முன்னால் நிறைய இருந்தது. இப்போது இதுவும் போனால் வேறு எப்போது?

என் மாமியார்தான் ஒரு நாள் சொன்னார்: "கடைசி வீட்டுக்குப் புதுசா ஒரு மருமக வந்திருக்கு. திருத்துறைப்பூண்டிப் பொண்ணு. திண்ணையிலயே உக்காந்திருக்கு பாவம். கூப்பிட்டுப் பாரேன்." போய்க் கூப்பிட்டேன். "ஸ்கூல்ல ஆடியிருக்கேன்க்கா, இங்க ஆட விடுவாங்களா?" என்று கேட்டாள். அவள் மாமியாரிடம் பேசியது என் மாமியார். வந்தாள். முதல் நாளே என்னை மூச்சு வாங்க வைத்துவிட்டாள்! இப்போது கட்டிலை ஓரமாகப் போட்டுக்கொண்டு பாயிண்ட் எண்ணுவது யார் என்று நினைக்கிறீர்கள்? அத்தையேதான். எனக்குச் சாதகமாக ஒரு பாயிண்ட் கூட்டிச் சொல்ல மாட்டார்.

மார்கழி முடிந்து தரை காய்ந்த பிறகு எங்கள் ஊருக்கு வாருங்கள். காலையில் முத்துப்பேட்டையில் படகில் போய் அலையாத்திக் காட்டைப் பாருங்கள். மத்தியானம் மனோரா. சாயங்காலம் கடற்கரைக் காற்று. வர முடியாதவர்கள் உங்கள் தெருவிலேயே தேடிப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் ரிங் ஆடியவர் பக்கத்து வீட்டிலேயே இருப்பார். கேட்டால்தானே தெரியும்?