பொட்டல்புதூரில் இறங்கிப் போங்கள்!

பாபநாசத்தில் ஆனந்தமாக நீராடி, உலகம்மையைத் தரிசித்து, இரவு விக்கிரமசிங்கபுரத்தில் தங்கியிருக்கிறீர்கள். பொழுது விடிந்ததும் மூட்டை முடிச்சுகளுடன் குற்றாலத்துக்குப் புறப்படுவதுதானே வழக்கம்? தாராளமாகப் புறப்படுங்கள். ஆனால் ஆழ்வார்குறிச்சியைத் தாண்டித் தென்காசிச் சாலையில் போகும்போது, பொட்டல்புதூர் என்று கண்டக்டர் குரல் கொடுத்ததும் இறங்கிவிடுங்கள். ஒரு மணி நேரம் போதும்.

அங்கே இருப்பது முகைதீன் ஆண்டவர் தர்கா. 1674-ல் எழுந்தது என்று சொல்லுவார்கள். கோவில் பாணியில் கட்டிய கட்டடம்! இதில் அதிசயம் என்ன இருக்கிறது? கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் பழைய பள்ளிவாசல்களைப் பாருங்கள். நம் ஊர்க் கல்தச்சர்களுக்குத் தெரிந்த தூணும் மண்டபமுந்தான் அங்கேயும். உருவங்கள் மட்டும் இராது.

சரி, ஆண்டவர் யார்? பாரசீகத்தில் பிறந்த அப்துல் காதிர் ஜீலானி என்ற மகான். 1166-ல் காலமானார். அவருடைய சமாதி பாக்தாத் நகரில் இருக்கிறது. அவர் அடங்கிய இடம் அங்கே. அவரை நினைக்கும் இடம் இங்கே. பழனி ஆண்டவர் என்று சொல்லிப் பழகிய வாய், பாக்தாத் மகானையும் ‘ஆண்டவர்’ என்றே அழைத்துவிட்டது!

இந்தப் பக்கத்தில் ‘மைதீன் பிச்சை’ என்ற பெயரைக் கேட்டால் சிரித்துவிடாதீர்கள், சகோதரிகளே! முகைதீன்தான் பேச்சுவழக்கில் மைதீன். பிச்சை என்றால் மடியேந்திக் கேட்டுப் பெற்றது. நம் வீடுகளில் பிச்சம்மாள் என்று பெயர் வைப்பதில்லையா? அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு தாயின் ஏக்கம் இருக்கிறது. அந்த ஏக்கத்தோடு முஸ்லிம்களும் வருகிறார்கள், இந்துக்களும் வருகிறார்கள். தர்காவில் நேர்ந்துகொள்வது முறையல்ல, இறைவனிடம் மட்டுமே கேட்க வேண்டும் என்று கருதும் முஸ்லிம்களும் உண்டு. அதையும் தெரிந்துகொள்வது நல்லது.

பக்கத்திலுள்ள கடையந்தான் செல்லம்மாள் பாரதியின் பிறந்தகம். 1918 கடைசியில் அங்கே வந்து சேர்ந்த பாரதியார், கையில் காசில்லாமல் திண்டாடிய காலம் அது. அந்த நிலையிலும் 1920-ல் பொட்டல்புதூருக்கு வந்து, இஸ்லாத்தின் மகிமையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்துவிட்டார்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. செருப்பை வெளியே விட்டுவிடுங்கள். முந்தானையால் தலையை மூடிக்கொள்ளுங்கள். பெண்கள் எதுவரை செல்லலாம் என்று அங்குள்ளவர்களைக் கேட்டு, அதன்படி நடந்துகொள்ளுங்கள். தொழுகை நேரத்தில் ஒதுங்கி நில்லுங்கள். கந்தூரி விழா ரபியுல் ஆகிர் மாதத்தில் வரும். அது சந்திர மாதம். ஆகையால் நம் காலண்டரில் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கலாம்.

காமிராவைச் சற்று நேரம் பைக்குள்ளேயே வைத்திருங்கள். தூண் ஓரத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் பெண் உங்களுக்கு வேடிக்கை காட்ட வரவில்லை. அவளுக்குப் பக்கத்தில் நீங்களும் பேசாமல் ஐந்து நிமிஷம் உட்காருங்கள். குற்றாலத்து அருவி எங்கும் ஓடிப்போய்விடாது.