ஓர் இழை தவறினாலும் தெரிந்துவிடும்... பத்தமடை பாயும் மைண்ட்ஃபுல்னெஸ்ஸும்!

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஏறினால், சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் வருகிறது பத்தமடை. பாய்க்குப் பெயர்போன ஊர். 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று இன்று ஆப்களில் காசு கட்டிக் கற்றுக்கொள்ளும் விஷயத்தை நேரில் பார்க்கவும் இந்த ஊருக்குப் போகலாம்!

தாமிரபரணிக் கரையோரம் வளரும் கோரைதான் பாய்க்கு மூலப்பொருள். பச்சையாக அறுத்து, வெயிலில் காயவைத்து, ஓடும் ஆற்றுநீரில் பல நாள்கள் ஊறப்போடுகிறார்கள். ஊறி உப்பிய தண்டை மெல்லிய இழைகளாகக் கிழித்து, சாயம் ஏற்றிய பிறகுதான் தறிக்கே வருகிறது. பருத்தி நூல் பாவுக்குள் ஒவ்வொரு இழையாகக் குச்சியில் கோத்து நுழைக்க வேண்டும். 100 முதல் 140 கவுன்ட் வரை போகும் பாய்க்குப் 'பட்டுப் பாய்' என்று பெயர்.  கோரையின் மென்மைக்குத்தான் அந்தப் பெயர். துணி மாதிரி மடித்துப் பைக்குள் வைக்கலாம். மணமக்களின் பெயரை நெய்து தரும் கல்யாணப் பாய்களும் உண்டு. பெயரில் ஓர் இழை இடம் மாறினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மைண்ட்ஃபுல்னெஸ் கேட்பதும் இந்தக் கவனத்தைத்தான். கை செய்யும் வேலையில் மனசும் இருக்க வேண்டும். நழுவினால், தன்னையே திட்டிக்கொள்ளாமல் திரும்பக் கூட்டி வர வேண்டும். 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் இதைப் பயிற்சியாக வடிவமைத்தார். நாள்பட்ட வலியால் தவித்தவர்களும் வந்து கற்றுக்கொண்ட அந்தப் பயிற்சி எட்டு வாரங்கள் கொண்டது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவை ஓரளவு குறைவதாகப் பின்னர் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. அந்த 'ஓரளவு' முக்கியம். டாக்டர் தரும் சிகிச்சைக்கு இது மாற்று அல்ல. வீட்டில் தொடங்க, டீ குடிக்கும் ஐந்து நிமிடம் போனைத் தள்ளி வைத்து, டீயின் சூட்டையும் ருசியையும் மட்டும் கவனித்தாலே போதும்.

ரிஷிகேஷில் 1936-ல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கிய சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்ததும் இதே பத்தமடையில்தான். மலேயாவில் டாக்டராக இருந்துவிட்டுத் துறவியானவர் அவர்!

அதற்காக, தறி முன் இருப்பவர்கள் தியானம் செய்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் இஸ்லாமியக் குடும்பத்துப் பெண்கள். இது அவர்கள் பிழைப்பு. மணிக்கணக்கில் குனிந்தே இருந்தால் இடுப்பு வலிக்கும், கண் எரியும். புவிசார் குறியீடு கிடைத்த பிறகும், பிளாஸ்டிக் பாயோடும் மெஷின் பாயோடும் விலையில் மோத வேண்டியிருக்கிறது. கவனத்தைச் சொல்லித்தர ஆப்கள் மாதச் சந்தா கேட்டால் கொடுக்கிறோம். நாள்கணக்கில் கவனம் வைத்து நெய்த பாய்க்கோ, பேரம் பேசுகிறோம்.

பத்தமடை போகிறவர்கள் கடையோடு திரும்பிவிடாதீர்கள். தறி இருக்கும் வீட்டில் அனுமதி கேட்டு, பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். போட்டோ எடுப்பதாக இருந்தால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பாய் வாங்கும்போது எத்தனை கவுன்ட், கையால் நெய்ததா மெஷினா என்று விசாரித்து வாங்குங்கள்.