சொன்னால் சிரிப்பு, சொல்லாவிட்டால் பழி

வானிலை சொல்லுகிறவர்களைப் பரிகாசம் செய்வது எல்லாத் தேசத்தாருக்கும் பொதுவான ஒரு சுகம். "மழை வரும் என்று சொல்லிவிட்டார்கள், ஆகையால் குடையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன்" என்று ஒரு முறையாவது சொல்லாதவர் நம்மில் யார்? கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்துக் கொடுத்த ஜோஸ்யரைக்கூட மன்னித்துவிடுவோம். வானிலை உத்தியோகஸ்தரை மன்னிக்க நமக்கு மனம் வருவதில்லை. ஆனால் அமெரிக்காவின் இளவேனிற்கால இடிமழைகளைப்பற்றிய சரித்திரத்தைப் படிக்கும்போது அந்தச் சிரிப்பு பாதியிலே நின்றுவிடுகிறது.

அந்தத் தேசத்தின் நடுவே, ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே, டெக்ஸாஸ், ஒக்லஹாமா, கன்ஸாஸ் முதலிய மாகாணங்கள் பரந்த சமவெளியாகக் கிடக்கின்றன. மார்ச்சு முதல் மே வரையில், தெற்கேயுள்ள மெக்ஸிகோ வளைகுடாவிலிருந்து வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்று தரையை ஒட்டி வடக்கே ஏறி வருகிறது. தென்மேற்குப் பீடபூமிகளிலிருந்து வரும் வறண்ட காற்று, கொதிக்கும் பாத்திரத்துக்கு மூடி போட்டாற்போல் அதை மேலேயிருந்து அமுக்கி வைக்கிறது. அதற்கும் மேலே குளிர்ந்த காற்று மேற்கிலிருந்து விரைந்து ஓடுகிறது. பிற்பகல் வெயிலில் மூடி திறந்துகொண்டால், ஈரக் காற்று பல மைல் உயரம் பொங்கி எழுகிறது. தரைக்கருகே ஒரு திசையிலும் உயரத்தில் வேறு திசையிலும் காற்று வீசுவதால் மேகமே சுழலத் தொடங்குகிறது. இடி, மின்னல், ஆலங்கட்டி எல்லாம் வந்த பிறகு, சில சமயம் யானையின் தும்பிக்கைபோல் மேகத்திலிருந்து தரைக்கு இறங்குகிறதே, அதுதான் 'டொர்னேடோ' என்னும் சுழற்காற்று. வங்காளத்தின் கால்பைசாகி இடிமழைக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு. 1989-ம் வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி பங்களாதேசத்தில் மாணிக்கஞ்ச் ஜில்லாவைத் தாக்கிய சுழற்காற்றில் சுமார் 1,300 பேர் மாண்டதாகக் கணக்கு.

இத்தகைய காற்றை முன்கூட்டியே சொல்லிவிட முடியுமா? 1884-ல் அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் படையைச் சேர்ந்த ஜான் பின்லி என்பவர் முயன்று பார்த்தார். ராக்கி மலைகளுக்குக் கிழக்கேயுள்ள பிரதேசத்தைப் பல வட்டாரங்களாகப் பிரித்து, "இன்று டொர்னேடோ வரும்", "இன்று வராது" என்று 2,803 முறை சொன்னார். அவற்றில் 2,708 சரியாகப் போயின. நூற்றுக்கு 96.6! பின்லியின் பெருமைக்குக் கேட்பானேன்?

கில்பர்ட் என்னும் பூகர்ப்ப சாஸ்திரி உடனே ஒரு சின்னக் கணக்குப் போட்டார். மொத்தத்தில் டொர்னேடோ வந்தது 51 முறைதான். ஒருவன் வானத்தை ஏறிட்டும் பாராமல், "வராது, வராது" என்றே 2,803 முறையும் சொல்லியிருந்தால் அவனுக்கு 98.2 மார்க்குக் கிடைத்திருக்கும்!

மார்க்குப் போடுவதையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒன்றும் எழுதாமல் பாஸ் செய்யும் பையனை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் பின்லியின் விடைத்தாளை நாம் திருத்தினால் வேறு விதமாகத்தான் திருத்துவோம். "வரும்" என்று அவர் சொன்னது 100 முறை. 28 முறை வந்தது. 72 முறை வரவில்லை. அதாவது, வந்த 51-ல் பாதிக்குமேல் முன்னரே சொல்லிவிட்டார். 98.2 மார்க்கு வாங்கிய சோம்பேறியோ ஓர் உயிரையும் காப்பாற்றியிருக்க மாட்டான்.

மேலதிகாரிகள் வேறு விதமாக நினைத்தார்கள். ஜனங்கள் பீதியடைவார்கள், காற்றைவிடக் கலவரத்தால் அதிகச் சேதம் விளையும் என்று அவர்களுக்குப் பயம். ஆகவே, முன்னறிவிப்புகளில் 'டொர்னேடோ' என்ற சொல்லையே உபயோகிக்கக் கூடாதென்று தடை விதித்தார்கள். அந்த மௌனம் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

அதற்கிடையில் 1925 மார்ச்சு 18-ந் தேதி வந்தது. மிஸௌரி, இல்லினாய், இந்தியானா ஆகிய மூன்று மாகாணங்களில் 219 மைல் தூரம், மூன்றரை மணி நேரம் ஒரே சுழற்காற்று ஓடி 695 பேரைக் கொன்றது. டிஸோட்டோ என்னும் சிற்றூரின் பள்ளிக்கூடத்தில் மட்டும் 33 குழந்தைகள். அன்றைய முன்னறிவிப்பில் அந்தச் சொல் இல்லை.

மௌனம் கலைந்தது 1948-ல். மார்ச்சு 20-ந் தேதி இரவு, ஒக்லஹாமாவிலுள்ள டிங்கர் விமானப்படைத் தளத்தை முன்னறிவிப்பின்றி ஒரு டொர்னேடோ தாக்கியது. அங்கே வானிலை பார்த்த பாபுஷ், மில்லர் என்ற இரு அதிகாரிகள் பழைய படங்களையெல்லாம் பரப்பி, எந்த நிலையில் அது பிறக்கிறதென்று ஆராய்ந்தார்கள். 25-ந் தேதி காலையில் அதே நிலை மறுபடி தென்பட்டது. ஒரே இடத்தில் ஐந்து நாளில் இரண்டு தடவையா! யாருக்கு நம்பிக்கை வரும்? ஆயினும், துணிந்து எழுதிக் கொடுத்தார்கள். விமானங்களைப் பத்திரப்படுத்தினார்கள். சாயங்காலம் அது வந்தே விட்டது.

1950-ல் வானிலை இலாகாவின் தலைவர் பழைய தடை இல்லையென்று தெரியப்படுத்தினார். 1952 முதல் பொதுமக்களுக்கே எச்சரிக்கை கிடைத்து வருகிறது. இப்போது ஒக்லஹாமாவின் நார்மன் நகரிலுள்ள புயல் முன்னறிவிப்பு நிலையம் தேசம் முழுவதற்கும் படம் வரைகிறது. "வரும்", "வராது" என்று சோழி உருட்டுவதில்லை. அபாயத்தை ஐந்து படிகளாகப் பிரித்து, இன்ன வட்டாரத்தில் இவ்வளவு சாத்தியம் என்று நாட்கணக்கில் முன்பே கூறுகிறார்கள். பிறகு மேகம் திரளும்போது, ராடாரைப் பார்த்து ஊர் பேர் சொல்லி எச்சரிக்கிறார்கள்.

சொன்னால் மட்டும் போதுமா? 2013 மே 20-ந் தேதி, அதே ஒக்லஹாமாவின் மூர் நகரில் அரை மணிக்கு முன்பே எச்சரிக்கை வந்தும், ப்ளாஸா டவர்ஸ் ஆரம்பப் பள்ளியில் ஏழு குழந்தைகள் இறந்தார்கள். அந்தப் பள்ளியில் பாதுகாப்பு அறை இல்லை. திரும்பக் கட்டும்போதுதான் அதைக் கட்டினார்கள். முன்னறிவிப்பு என்பது பாதிக் காரியந்தான். மீதிப் பாதி செங்கல்லும் சிமெண்டும்.

பிறர் பெற்ற பிள்ளைகளைப் பொழுதெல்லாம் காவல் காக்கும் தொழில் நம்முடையது. அபாய மணி அடித்துப் பிள்ளைகளைப் பத்திரமான இடத்தில் உட்காரவைத்து, ஒன்றும் நேராமல் வகுப்புக்குத் திருப்பி அழைத்து வந்தால், அன்றைய பாடம் நஷ்டம். நூற்றுக்கு 72 முறை அப்படியே ஆனாலும் ஆகட்டும். பையன்கள் சிரிப்பார்கள். நன்றாய்ச் சிரிக்கட்டும்! சிரிப்பதற்குப் பையன்கள் இருக்கிறார்கள் அல்லவா?