கடல் ஏறும் நேரத்தில் போங்கள்

"ஒரு பறவைகூட இல்லையேப்பா!" சுங்கை பூலோவுக்கு முதன்முறை போனபோது மகள் அழாத குறைதான். தவறு என்னுடையது. கடல் வற்றிய நேரத்தில் போயிருந்தோம். பறவைகள் மண்டாய் சேற்றுத்திடலில் இரை தேடிக்கொண்டிருந்தன.

அடுத்த வாரம் கடல் ஏறும் நேரம் பார்த்துப் போனோம். சேறு மூழ்கியதும் அவை ஓய்வெடுக்க இங்குதான் வருகின்றன. குடிலின் இடுக்கு வழியே பார்த்தோம். சைபீரியாவிலிருந்து வந்த உப்புக்கொத்திகள், பவளக்காலிகளோடு ஒற்றைக்காலில் நின்றன. செப்டம்பர் முதல் மார்ச் வரை இவற்றைக் காணலாம்.

இவை ஒருகாலத்தில் இறால் குளங்கள். 1986இல் பறவை ஆர்வலர்கள் கண்டறிந்து, காக்கும்படி கேட்டார்கள். 1993இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002இல் பாதுகாக்கப்பட்ட வனப்பகுதி. அன்று அவர்கள் கேட்காதிருந்தால், இந்தப் பறவைகள் எங்கே இறங்கும்?

மகளிடம் சொல்ல வாயெடுத்தேன். "மெதுவாப்பா... தூங்குது," என்றாள்.