காய்ச்சலும் பாய்ச்சலும்

நர்சரியில் பூவோடு வாங்கி வந்த டெண்ட்ரோபியம் ஆர்க்கிட் வீட்டுக்குள் வந்தபின் மறுபடி பூப்பதே இல்லை என்ற புகார், விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம் என்று எந்த ஊரில் கேட்டாலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. இலை பச்சையாக இருக்கிறது, புதுத் தண்டுகூட வருகிறது, பூ மட்டும் வரவில்லை. உடனே செடிக்கு ஏதோ குறை என்று முடிவுகட்டி உரம் கூடுகிறது, தண்ணீர் கூடுகிறது, பூ வரவைக்கும் என்று விற்கும் டானிக்கும் ஒரு பாட்டில் வந்து சேர்கிறது. செடி இன்னும் கொழுக்கிறது. பூ இன்னும் தள்ளிப்போகிறது. இந்தச் சிக்கலுக்கு விடை தேட ஆர்க்கிட் புத்தகத்தைவிட, இதே விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டையைச் சுற்றியுள்ள மல்லிகைத் தோட்டங்கள் நல்ல இடம் என்பது என் கட்சி. பூக்க மறுக்கும் செடியைப் பூக்க வைப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் கைவேலையில் பாதி, செடிக்கு எதை எப்போது கொடுக்காமல் இருப்பது என்பதில்தான் இருக்கிறது.

கார்த்திகையில் அந்தத் தோட்டங்களுக்குள் போகிற புதியவருக்கு, யாரோ பகையில் தோட்டத்தை அழித்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். தண்ணீரை முன்னதாகவே நிறுத்தி நிலத்தைக் காயவிட்டு, நவம்பர் கடைசியில் செடியை முழங்கால் உயரத்துக்கு, அதாவது தரையிலிருந்து 45, 50 சென்டிமீட்டர் விட்டு, ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். மிஞ்சிய இலையையும் உருவிவிடுகிறார்கள். கவாத்து வெட்டுகிறவரின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றால் அது கண்மூடித்தனமான வெட்டு இல்லை என்று தெரிகிறது: உள்நோக்கி வளர்ந்த கிளை, நோய்ப்பட்ட கிளை, மெலிந்த குச்சி எல்லாம் போகின்றன, தடித்த நல்ல கிளை நிற்கிறது. இதன் பிறகுதான் செடியைச் சுற்றிக் கொத்தி, தொழு உரம் வைத்து, தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். காரணம் எளிது. குண்டுமல்லி புதுத் தளிரின் நுனியில்தான் அரும்பு வைக்கும். பழைய கிளையை எவ்வளவு சீராட்டினாலும் அது இலையைத்தான் தரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் இதே வழியில்தான் போகிறது. ஆண்டுக்குச் செடி ஒன்றுக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்தும் சாம்பல் சத்தும் தலா 120 கிராம்; அதை இரண்டாகப் பிரித்துக் கவாத்து முடிந்ததும் ஒரு பாதி, ஜூன், ஜூலையில் மறுபாதி. இலையை வளர்க்கும் தழைச்சத்து மற்ற இரண்டில் பாதிதான் என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் ஆர்க்கிட் வைத்திருப்பவர்களில் பலர் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள்.

ஆர்க்கிட்டுக்கும் இந்த நியாயம் பொருந்தும் என்பதற்குக் காடே சாட்சி. மேற்குத் தொடர்ச்சி மலையில் மரக்கிளைகளில் ஒட்டி வளரும் டெண்ட்ரோபியம் ஓவாட்டம், டெண்ட்ரோபியம் பார்படுலம் போன்றவை மழைக்காலத்தில் தண்டு நீட்டிச் சத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மழை நின்றதும் இலையை உதிர்த்துவிட்டு வெறும் தண்டில் பூக்கின்றன. பார்க்கிறவருக்குச் செத்த குச்சியில் பூ வந்ததுபோல இருக்கும். இமயமலை அடிவாரத்து நோபிலே வகைக்குக் குளிர்காலத்தில் தண்ணீரும் உரமும் குறைந்தால்தான் மொட்டு. அந்தப் பருவத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தால் பூ வரவேண்டிய கணுவில் சிறு பக்கக்கன்று முளைத்துவிடும். எல்லாவற்றையும்விட வியப்பானது, இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூர்ச் சாலையோர மரங்களிலும் காணப்படும் புறா ஆர்க்கிட். திடீர் மழையில் வெப்பம் சில டிகிரி சட்டென இறங்கினால், அன்றிலிருந்து ஏறத்தாழ ஒன்பதாம் நாள் அந்த வட்டாரத்துச் செடிகளெல்லாம் ஒரே காலையில் பூக்கின்றன. அன்றே வாடியும் விடுகின்றன. யாரும் உரம் வைக்கவில்லை. காத்திருந்த மொட்டை எழுப்பியது ஒரு குளிர் அதிர்ச்சி மட்டுமே. மல்லிகைக்காரர்கள் தண்ணீர் விடும் முறைக்குச் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும் என்ற பேச்சை டெண்ட்ரோபியம் இனத்துக்கும் தயங்காமல் சொல்லலாம்.

அப்படியானால் எந்த டெண்ட்ரோபியத்தையும் வாடப்போட்டால் பூத்துவிடுமா என்று கேட்டால், பூக்காது. மல்லிகையிடமிருந்து கற்க வேண்டியது, நிறுத்துவதற்கு ஒரு காலமும் அளவும் உண்டு என்ற அறிவைத்தான். அந்த அரிவாளை அப்படியே கடன் வாங்கினால் நஷ்டம். இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும் பழைய தண்டைச் செத்தது என்று நினைத்து வெட்டி எறிபவர்கள் நிறைய. மல்லிகையில் பழைய கிளை பாரம், ஆர்க்கிட்டில் பழைய தண்டு சேமிப்பு. அதிலிருந்துதான் புதுத் தண்டு உண்டு வளர்கிறது, சில வகைகளில் அந்தப் பழைய தண்டே மறு ஆண்டும் பூக்கிறது. அடுத்து, எந்த வகை என்பதைப் பொறுத்தே எதை நிறுத்துவது என்பது தீர்மானமாகும். நம் நர்சரிகளில் அதிகம் விற்கும் ஊதாவும் வெள்ளையும் கலந்த சோனியா வகையின் முன்னோர்கள் வடக்கு ஆஸ்திரேலியா, நியூகினிப் பக்கத்து வெப்ப நிலத்தவை. அவற்றுக்குக் குளிர் வேண்டாம், வெளிச்சம்தான் வேண்டும். வெளியே உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவு இருக்கும். அதில் நான்கில் ஒரு பங்காவது இச்செடி கேட்கும். டியூப் லைட் எரியும் கூடத்தில் சில நூறு லக்ஸ்தான் இருக்கிறது. நம் கண் இருட்டுக்குப் பழகிக்கொள்வதால் கூடம் வெளிச்சமாகத் தெரிகிறது. செடிக்கு அது பட்டினி. இதுவும் ஒரு நிறுத்தம்தான், ஆனால் தவறான பொருளை நிறுத்துவது. தண்ணீரையும் தழைச்சத்தையும் அள்ளிக் கொடுத்துவிட்டு வெளிச்சத்தை மறுத்தால் இலை வரும், பூ வராது.

நோபிலே வகையை வாங்கியவரின் நிலைமை இன்னும் மோசம். அது மொட்டு வைக்க இரவில் 10 முதல் 13 டிகிரி வரையான குளிர் பல வாரம் தேவை. விருதுநகர்ச் சமவெளியில் மார்கழி இரவிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். ஏசி அறையில் வைத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். 24 டிகிரி ஏசி அந்தக் குளிரை நெருங்கவே நெருங்காது, காற்றை வறட்டிவிடும், வெளிச்சமும் தராது. இங்கே கைத்திறன் தோற்கிறது, வானிலை ஜெயிக்கிறது. இதை ஒப்புக்கொள்ளத் தயங்குபவர்கள் மார்கழி, தை மாத மல்லிகை விலையைப் பார்க்கட்டும். கோடையில் வரத்து பெருகினால் நூறு, இருநூறு ரூபாய்க்குத் தள்ளப்படும் ஒரு கிலோ பூ, பனிக்காலத்து முகூர்த்த நாளில் மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையில் சில ஆயிரங்களைத் தொடுகிறது. அத்தனை ஆசை காட்டியும், அத்தனை அனுபவமுள்ள கைகள் இருந்தும், பனியில் குண்டுமல்லி அரும்புவைக்க மறுக்கிறது. செப்டம்பர் கடைசியிலேயே கவாத்து செய்து பருவத்தை முன்தள்ளும் முறையைப் பல்கலைக்கழகம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஓரளவு பூ கிடைக்கிறது, கோடையைப்போல் கொட்டுவதில்லை. இறுதியில் அதே பல்கலைக்கழகம், பருவம் தவறிய காலத்திலும் பூக்கும் வேறோர் இனத்தையே தேர்ந்து, நட்சத்திர மல்லிகை கோ 1 என்று வெளியிட்டது. மசியாத செடியோடு மல்லுக்கு நிற்பதைவிட, அந்தக் காலத்துக்கு ஏற்ற செடியை நடுவது புத்திசாலித்தனம்.

இந்தப் பேச்சில் பூப் பறிப்பவர்களை விட்டுவிட முடியாது. விடியும் முன்பே, நெற்றியில் கட்டிய விளக்கோடு செடிக்குள் குனிகிறார்கள். இன்று மாலை மலரப்போகும் பருத்த வெள்ளை அரும்பு எது, நாளைக்கு நிற்க வேண்டிய பச்சை கலந்த அரும்பு எது என்று விரல்கள் பிரித்தெடுக்கின்றன. ஒரு நாள் பிசகினால் அரும்பு மலர்ந்து சந்தைக்கு உதவாமல் போகும். மொட்டுப்புழு வந்ததை உரிமையாளருக்கு முன்னால் அறிவதும் இவர்கள்தான். அந்த அறிவுக்குத் தனிக் கூலி இல்லை. கிலோக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு ஒரு வேடிக்கையான துரோகமும் உண்டு: பூ விலை உச்சத்தில் இருக்கும் மாதத்தில்தான் தோட்டம் முழுக்கச் சுற்றினாலும் கைக்குக் கொஞ்சமே கிடைக்கிறது. பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளுக்கு ஆள் ஏற்றும் வேன்கள் ஊருக்குள் வரும்போது, நாள் முழுக்க உறுதியான கூலி தரும் வேலைக்கு ஏறுகிறவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஆலைகள் இங்கே வந்ததற்கும் நம் ஆர்க்கிட் தவிப்பதற்கும் காரணம் ஒன்றுதான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பி 1923-இல் தொடங்கிய தீப்பெட்டித் தொழில் சிவகாசியில் வேரூன்ற, இந்த வறண்ட காற்றும் வெயிலும் துணைநின்றன. மருந்து காய வேண்டும், ஈரம் ஆகாது. மழை பிடித்துக்கொண்டால் வேலை நின்றுவிடும். மரத்தில் தொற்றி, காற்றின் ஈரத்தை வேரால் உறிஞ்சி வாழும் செடிக்கு இதே காற்று பகை. அதோடு ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீர் சேர்ந்தால் வேர்நுனி கருகும். ஆனால் வழி இல்லாமல் இல்லை. மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமானபின் பல வீடுகளில் குழாய் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு டிரம் பிடித்துவைத்தால் சில செடிகளுக்குப் பல மாதம் வரும். மண் வேண்டாம், கரித்துண்டு, ஓட்டுச்சில்லு, நன்றாக ஊறவைத்து உப்புப் போகக் கழுவிய தேங்காய் மட்டைத் துண்டு போதும். காலையில் ஊற்றி, மறுபடி வேர் வெளுக்கும்வரை காயவிட வேண்டும்.

வீட்டுக்குள் பூக்க வேண்டும் என்பதுதானே ஆசை, வெளிச்சத்துக்காக வெளியே தொங்கவிடச் சொன்னால் எப்படி என்ற கேள்வி நியாயமானது. அருப்புக்கோட்டை மல்லிகையும் தலையில் வளர்வதில்லை. தோட்டத்தில் வளர்ந்து தலைக்கு வருகிறது. சோனியா வகையை வாங்குங்கள். நோபிலேயை ஏற்காடு, கொடைக்கானல்காரர்களுக்கு விட்டுவிடுங்கள். மலையிலிருந்து பறித்து வந்ததாகச் சொல்லி விற்பதைத் தொடாதீர்கள்; திருவில்லிபுத்தூர் மலை 2021 முதல் புலிகள் காப்பகம். பாதி வெயில் விடும் பச்சை வலைக்குக் கீழே, மொட்டை மாடியிலோ கிழக்குப் பார்த்த பால்கனியிலோ செடியைத் தொங்கவிடுங்கள். கொத்தில் பாதிப் பூ விரிந்தபின் உள்ளே கொண்டுவாருங்கள்; மொட்டாக இருக்கும்போதே இடம் மாற்றினால் உதிர்ந்துவிடும். விரிந்த பூ கூடத்தில் சில வாரம் நிற்கும். அது முடிந்ததும் செடியைத் திரும்ப வெளியே வைத்துவிடுங்கள்.